முயல் வளர்க்கும் வீட்டில் வண்ணக் கையுறை: 24 நூல்முனைக் கணக்கு

கூடையில் கிடக்கும் நூலுருண்டையை முயல் பெரும்பாலும் சட்டை செய்யாது. கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ தொங்குகிற ஒற்றை நூல்தான் அதற்கு வேண்டும். தொங்குவதெல்லாம் அதற்குப் புல், கொடி. முன்பற்கள் வருடத்துக்கு 10 முதல் 12 செ.மீ. வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிப்பது அதன் நாள் முழுவதற்குமான வேலை. கத்தரிக்கோல் வைத்த மாதிரி சுத்தமாக வெட்டிவிடும், சத்தம்கூடக் கேட்காது.

பின்னல் வீணாவது சின்ன விஷயம். வெட்டிய துண்டு எங்கே போனது என்பதுதான் பெரிய விஷயம். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே வந்தாக வேண்டும். நீளமான நூல் குடலில் சிக்கினால் அது வராது. கம்பளியும் செரிக்காது, அக்ரிலிக் என்கிற செயற்கை நூலும் செரிக்காது. அதனால் முயல் ஓடித் திரிகிற வீட்டில் நூலைப் பத்திரமாக மூடி வைத்தால் மட்டும் போதாது. டிசைனைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதில் எத்தனை முனை வெட்ட வேண்டிவரும், உள்பக்கம் எவ்வளவு நீளத்துக்கு நூல் தொங்கும் என்று பார்க்க வேண்டும். கீழே இருக்கும் ஐந்து நிறக் கையுறை ஒரு ஜோடிக்குச் சரியாக 24 முனை தரும். அந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்பது அடுத்தது. தருமபுரி நகரத்தில் கையுறைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தளி, தேன்கனிக்கோட்டை, அந்தப் பக்கம் வத்தல்மலை எல்லாம் மார்கழி விடியலில் விரல் மரத்துப்போகும் ஊர்கள். ரோஜாத் தோட்டத்துக்கு விடியுமுன் போகிறவர்கள், பால் சொசைட்டிக்குக் கேனோடு நடக்கிறவர்கள், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள், இவர்களுக்கெல்லாம் நல்ல பரிசு. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த மாதிரிக் கையுறை கொடுக்காதீர்கள். நான்கு விரலும் ஒரே பைக்குள் இருப்பதால் சூடு நன்றாக நிற்கும், ஆனால் கிளட்சும் பிரேக்கும் பிடிக்க வராது, பின்னல் வேறு வழுக்கும். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று, மலையோரக் கிராமங்களில் காலையில் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர் காய்வார்கள். அக்ரிலிக் நூல் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். தீ பக்கத்தில் கையை நீட்டப் போகிற வீட்டுக்கு அசல் கம்பளியில்தான் பின்ன வேண்டும். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சோதிப்பது எளிது. விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியும். அக்ரிலிக் கரும்புகையோடு உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக நிற்கும். வெளிநாட்டில் பனியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதானாலும் கம்பளிதான், ஈரமானாலும் ஓரளவு கதகதப்பு தாங்கும். மற்றவர்களுக்கு அக்ரிலிக் போதும், விலை குறைவு, துவைப்பதும் சுலபம்.

இந்தப் பக்கம் ஆடு நிறைய மேய்கிறதே, உள்ளூர் ரோமமே கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மேச்சேரி ஆட்டுக்கு நூலாகத் திரிக்கிற ரோமம் கிடையாது, அது கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். முயல் முடியும் அப்படித்தான். வீடுகளில் அதிகம் வளர்கிற நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா இரண்டுக்கும் முடி குட்டை, முறுக்கினால் நிற்காமல் வழுக்கி உதிரும். நூலுக்கு ஆவது நீள ரோமம் உள்ள அங்கோரா மட்டுமே. சீப்பில் வந்த முடியைச் சேர்த்து வைத்து ஏமாற வேண்டாம்.

நிறங்களுக்கு வருவோம். அரக்கும் ராமர் பச்சையும் புடவையில் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! அதே ஜோடி கையுறையில் சேறாகிவிடும். புடவையில் பட்டுச் சரிகையும் அகலமான கரையும் இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன. பின்னலில் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் விழும் ஒரு வளையம், அரை செ.மீ. அகலம்கூட இல்லை, அங்கே நிறம் வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி என்று இருக்க வேண்டும். நூலுருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். தரைக்கு, அதாவது பின்னணி நிறத்துக்கு, அடர்ந்த மயில்கழுத்து நீலம், மேலே மாம்பழ மஞ்சள், ராணி கலர், கிளிப்பச்சை, சந்தனம் என்று வைத்தால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். முயலுக்கு இந்த வண்ணமெல்லாம் பொருட்டே இல்லை. சிவப்பைப் பிரித்தறிய அதன் கண்ணால் முடியாது, நீலமும் பச்சையும்தான் பிடிபடும். நிறம் மாற்றி முயலை ஏமாற்ற வழியில்லை.

அளவு: பெண்கள் கைக்கு ஒரு ஜோடி என்றால் தரை நிறம் 50 கிராம், மற்ற நான்கும் தலா 10 கிராம். நூல் ‘டபுள் நிட்டிங்’ என்கிற நடுத்தரக் கனத்தில் வேண்டும். லேபிளில் பிளை (இழை) எண்ணைப் பார்த்து வாங்கினால் குழப்பம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்கேலில் நூலை நெருக்காமல், இடைவெளி விடாமல் சுற்றுங்கள். 1 அங்குலத்தில் 11 அல்லது 12 சுற்று வந்தால் சரியான கனம்.

ஊசி எண்ணில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளுக்கு, நீலகிரியில் எல்லநள்ளியில் தயாராகும் போனி உட்பட, பழைய பிரிட்டிஷ் எண்தான் வழக்கம். எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 11 என்றால் 3 மி.மீ. அமெரிக்க டிசைன்களில் இது தலைகீழ். வீடியோ பார்த்து ‘8ஆம் நம்பர்’ என்று வாங்கினால் 5 மி.மீ. ஊசிக்குப் பதில் 4 மி.மீ. வந்து நிற்கும். எப்போதும் மி.மீ. கேட்டு வாங்குங்கள். இதற்கு இரண்டு பக்கமும் கூர் உள்ள ஊசி செட் 11ஆம் எண்ணில் ஒன்று, 10ஆம் எண்ணில் ஒன்று வேண்டும், தொடக்க வரிக்கு மட்டும் 8ஆம் எண் ஊசி. மூங்கில் ஊசி கைக்கு இதம்தான், ஆனால் முயலுக்கு அது குச்சி. ஒரு கடி கடித்தால் சிலாம்பு எழும்பி, பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் நூல் மாட்டும். அலுமினியமே நல்லது.

இனி பின்னல். 4 மி.மீ. ஊசியில் 40 கண்ணி ஏற்றுங்கள். தொடக்க வரி இறுகினால் உள்ளங்கையே நுழையாது, அதனால்தான் அதற்கு மட்டும் தடித்த ஊசி. பிறகு 3 மி.மீ. ஊசிக்கு மாற்றி, வட்டமாகச் சேர்த்து, 2 நிட் (நேர்க்கண்ணி) 2 பர்ல் (எதிர்க்கண்ணி) என்று ரிப், அதாவது இழுபடும் மணிக்கட்டுப் பட்டை, 6 செ.மீ. வட்டம் சேர்க்கும்போது வரி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். முறுக்கிச் சேர்ந்தது பத்து ரவுண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ரிப் முடிந்ததும் ஒவ்வொரு 5 கண்ணிக்கும் ஒன்று கூட்டினால் 48 வரும். 3.25 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள்.

உடல் பகுதி 36 ரவுண்டு. ஒரு நிறத்துக்கு 9 ரவுண்டு, நான்கு நிறம். கோலம் நான்கு கண்ணியில் அடங்கும் சின்ன வைரம். முதல் ரவுண்டில் 1 தரை, 1 வண்ணம், 2 தரை. இரண்டாவதில் 3 வண்ணம், 1 தரை. மூன்றாவது முதல் மாதிரியே. நான்காவது முழுக்கத் தரை. ஐந்திலிருந்து ஏழு வரை அதே வைரத்தை இரண்டு கண்ணி தள்ளிப் போடுங்கள், ஊடுபுள்ளிக் கோலத்தில் புள்ளி தள்ளி வைப்பது போல. எட்டும் ஒன்பதும் வெறும் தரை. பிறகுதான் அந்த வண்ணத்தை வெட்டுவது. நான்காவது ரவுண்டில் வெட்ட வேண்டாம், உள்ளேயே மேலே கொண்டுபோங்கள். அங்கே வெட்டினால் ஜோடிக்கு 16 முனை கூடிவிடும்.

இந்த வைரத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு நிறத்தில் பின்னும்போது வேலை செய்யாத நூல் உள்பக்கம் ஓடும். இதில் எங்கேயும் அது 3 கண்ணிக்கு மேல், அதாவது 1.2 செ.மீ.க்கு மேல் ஓடாது. குழந்தை விரல் மாட்டாது, கையுறை தரையில் கிடந்தாலும் முயல் பல்லுக்குப் பிடி கிடைக்காது. கோலப் புத்தகத்திலிருந்து பெரிய டிசைன் எடுத்துக் கட்டத்தாளில் வரைந்து பின்னுகிறவர்கள், ஒரே நிறம் 7, 8 கண்ணி தொடரும் இடத்தை முதலில் மாற்றிவிட வேண்டும்.

உள்நூல் இறுகினால் துணி சுருங்கி, கை புகாமல் போகும். தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும் தவறு. நிறம் மாற்றுவதற்கு முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் நன்றாகப் பரத்திவிட்டு, அதன் மேல் நூலைத் தளர்வாக விடுங்கள். இரண்டாவது, எந்த நூல் கீழிருந்து வருகிறதோ அந்த நிறம் கொஞ்சம் பெரிதாக எழும்பித் தெரியும். வண்ண நூல் எப்போதும் கீழே, தரை நூல் எப்போதும் மேலே என்று கடைசிவரை மாறாமல் பிடியுங்கள். இடது கையுறையில் ஒரு மாதிரியும் வலதில் ஒரு மாதிரியும் பிடித்தால் ஒரே நூல், ஒரே ஊசி, ஆனால் இரண்டு கடையில் வாங்கின மாதிரி இருக்கும். சரியாக வந்தால் 10 செ.மீ. அகலத்துக்கு 25 கண்ணி, அதே உயரத்துக்கு 28 ரவுண்டு.

கட்டைவிரலுக்கு இடம் விடுவது முதல் ரவுண்டிலேயே தொடங்கும். ரவுண்டின் கடைசிக் கண்ணிக்கு இரண்டு பக்கமும் மார்க்கர் (அடையாள வளையம்) போடுங்கள். அந்த ஒன்றின் இருபுறமும், இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னினால் 1 கண்ணி 3 ஆகும். மூன்று ரவுண்டுக்கு ஒருமுறை இப்படியே மார்க்கருக்கு உள்ளே இரண்டு கூட்டிக்கொண்டே போனால் 19ஆவது ரவுண்டில் 15 கண்ணி. கட்டைவிரலுக்காக ஆப்பு மாதிரி விரியும் இந்தப் பகுதிக்குள் வைரம் போட வேண்டாம், வண்ண ரவுண்டுகளில் தரை ஒரு கண்ணி, வண்ணம் ஒரு கண்ணி என்று மாற்றிப் பின்னுங்கள். இல்லாவிட்டால் உள்நூல் 15 கண்ணிக்கு நீளமாக ஓடும், முயலுக்கு வைத்த கண்ணி மாதிரி. 20 ரவுண்டு முடிந்ததும் அந்த 15ஐயும் வேறு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, இடைவெளியில் 1 கண்ணி புதிதாக ஏற்றினால் மறுபடி 48.

36 ரவுண்டு முடிந்ததும் தரை நிறத்தில் மட்டும் குறையுங்கள். 24, 24 என்று இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியின் இரு ஓரத்திலும் ஒரு கண்ணி விட்டு உள்ளே இரண்டைச் சேர்த்துப் பின்னினால் ரவுண்டுக்கு 4 குறையும். ஒரு ரவுண்டு விட்டு ஒரு ரவுண்டு நான்கு தடவை, 32 ஆகும். பிறகு ஒவ்வொரு ரவுண்டிலும் ஐந்து தடவை, 12 ஆகும். நூலை வெட்டி, அந்தப் பன்னிரண்டுக்குள்ளும் கோத்து இழுத்து முடியுங்கள்.

கட்டைவிரலுக்கு நிறுத்திய 15ஐ ஊசியில் ஏற்றி, இடைவெளி ஓரத்தில் 3 எடுத்தால் 18. அந்த ஓரத்தின் இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். அங்கே கூடுதலாக ஒவ்வொரு கண்ணி எடுத்து, அடுத்த ரவுண்டிலேயே பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் ஓட்டை மூடிக்கொள்ளும். 5.5 செ.மீ. நேராகப் பின்னி, ஒன்று விட்டு இரண்டைச் சேர்த்து 12, ஒரு ரவுண்டு சும்மா, இரண்டிரண்டாகச் சேர்த்து 6, முடிச்சு. ஆப்பு ஓரத்தில் இருப்பதால் இடது வலது வித்தியாசம் இல்லை.

நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 32இல் தொடங்கி 36, ஆண்களுக்கு 44இல் தொடங்கி 52. இரண்டுமே நான்கால் வகுபடும், கோலம் உடையாது. குழந்தைக் கையுறைகளைக் கழுத்து வழியாகக் கயிறு போட்டு இணைப்பது, குஞ்சம், மணி, பட்டன் வைப்பது எதுவும் வேண்டாம்.

இப்போது முனைகள். ஒரு கையுறையில் தரை நூலுக்குத் தொடக்கமும் முடிவுமாக 2, நான்கு வண்ணத்துக்கு 8, கட்டைவிரலுக்கு 2. மொத்தம் 12, ஜோடிக்கு 24. ஒவ்வொன்றையும் மொட்டை ஊசியில் கோத்து, உள்பக்கம் அதே நிறத்தின் மேல் 8 செ.மீ. போய், திரும்பி எதிர்ப்பக்கம் 2 செ.மீ. வாருங்கள். அக்ரிலிக் வழுக்கும், ஒரே பக்கமாகச் செருகினால் நாலு துவையலில் வெளியே வந்து தொங்கும். தொங்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மிச்சத்தை ஒட்ட வெட்டி, வெட்டின துண்டை நேராக மூடி போட்ட சம்படத்தில் போடுங்கள். மடியில் வேண்டாம், மேசையில் வேண்டாம். எழுந்திருக்கும் முன் சம்படத்தைக் கொட்டி எண்ணுங்கள். 24 துண்டு, கட்டைவிரலை நிறுத்திவைத்த நூல் 2. குறைந்தால் பாயை உதறி, நாற்காலிக் காலடியைத் துழாவி, கிடைத்த பிறகு முயலை அவிழ்த்து விடுங்கள்.

பின்னும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். முயல் விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் துள்ளும். காலை 11 மணியிலிருந்து 4 மணி வரை காலை நீட்டிப் படுத்துக் கிடக்கும், அதுதான் நமக்கு வாகான நேரம். சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுவது முயல் வீட்டுக்கு ஒத்துவராது. நூலுருண்டையை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடியை லேசாகச் சாய்த்து வைத்தால் நூல் தடையில்லாமல் வரும், பிளாஸ்டிக் டப்பாவானால் கடித்துவிடும். தூக்குவாளியைத் தரையில் வைக்காமல் மடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், நூல் தரையைத் தொடவே கூடாது. கூண்டில் எப்போதும் காய்ந்த புல் நிறைந்திருக்க வேண்டும். கடிக்க முசுக்கொட்டைக் குச்சி அருமையானது. பட்டுப்புழு வளர்க்கிற ஊர்கள் நிறைந்த தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கவாத்து செய்த குச்சி சுலபமாகக் கிடைக்கும். மருந்து அடித்தார்களா என்று கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள்.

முடி கொட்டுகிற வாரங்களில் பின்னுவதற்கு முன் முயலை வெளியே வைத்துச் சீவிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருங்கள். அக்ரிலிக் மார்கழிக் காற்றில் முடியைக் காந்தம் மாதிரி இழுக்கும். பின்னலுக்குள் சேர்ந்துபோன முடியைப் பிறகு எடுக்கவே முடியாது.

கடித்தேவிட்டால் முதலில் பின்னலைப் பார்க்காதீர்கள். வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் சேர்த்து வைத்து, நடுவில் எவ்வளவு காணோம் என்று அளந்து பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும். பல செ.மீ. காணவில்லை என்றாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புழுக்கை பட்டாணி அளவில், உருண்டையாக, வழக்கமான எண்ணிக்கையில் வருகிறதா என்று கவனியுங்கள். சிறுத்தாலோ, 10 மணி நேரத்துக்கு மேல் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளூரில் முயல் பார்க்கிறவர் இல்லையென்றால் நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள், முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கும்.

பிறகு பின்னல். வெட்டுப்பட்ட இடத்தில் திறந்து நிற்கும் கண்ணிகளை உடனே சேஃப்டி பின்னில் மாட்டுங்கள், இல்லையென்றால் ஏணி மாதிரிக் கீழே இறங்கும். அதே நிற நூலைத் துணி ஊசியில் கோத்து, பக்கத்துக் கண்ணியின் பாதையிலேயே நாலு கண்ணி முன்னால் தொடங்கி நாலு கண்ணி பின்னால் முடித்தால் வெளியே தெரியாது. சிறுநீர் பட்டிருந்தால் அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகப் படியும். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும்.

கொடுப்பதற்கு முன் ஒரு முறை துவைத்தாக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிக் குழந்தைக் கையுறையாகிவிடும். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி தொய்ந்து செத்துப்போகும், மீட்கவே முடியாது. உலர்ந்ததும் அகலமான டேப்பைக் கையில் திருப்பிச் சுற்றி ஒற்றியெடுத்து மிச்ச முடியை நீக்கி, ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். முயல் ஒவ்வாமை முடியால் மட்டுமல்ல, எச்சிலாலும் சிறுநீராலும் வரும். எவ்வளவு துவைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. இது முயல் இருக்கிற வீட்டில் பின்னியது என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பளி நூல் வைக்கிற பீரோவில் அந்துருண்டை வேண்டாம், முயலுக்கு விஷம். நூலைக் காற்றுப் புகாத கவரில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் அந்துப்பூச்சிப் புழு செத்துவிடும்.

பரிசோடு ஐந்து நிறத்திலும் தலா 2 மீட்டர் நூலை ஒரு அட்டையில் சுற்றிக் கட்டைவிரலுக்குள் செருகிக் கொடுங்கள், கிழிந்தால் தைக்க. அந்த வீட்டிலும் முயல் இருந்தால் அட்டையைக் கையிலேயே கொடுத்து, பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.